ஆனா ஆவன்னா பாடத் தெரியும், எழுத்து தெரியுமா?

என் சின்ன மகள் பாலர் பள்ளியில் முதலாம் ஆண்டு படிக்கும்போது ‘அ, ஆ, இ, ஈ’ என்று தொடங்கி ஃ வரைக்கும் மூச்சு விடாமல் சொல்வாள். வீட்டுக்கு யார் வந்தாலும் ஒருமுறை அரங்கேற்றம் உண்டு. ஒருநாள் காப்பிக்கடையில் மீதிச் சில்லறையாக வந்த இருபது காசு நாணயத்தை அவள் கையில் வைத்து, “இதுல தமிழ் எங்க இருக்கு, கண்டுபிடி” என்றேன். நம் சிங்கப்பூர் நாணயங்களில் நாட்டின் பெயர் நான்கு மொழிகளிலும் இருக்கிறதே, அதில் தமிழை உடனே தொட்டுக் காட்டிவிட்டாள். “சரி, முதல் எழுத்து என்ன?” என்று கேட்டதும் ‘அ’விலிருந்து பாட ஆரம்பித்தாள். ஓர் எழுத்தைச் சொல்லுவாள், நாணயத்தைப் பார்ப்பாள், இல்லையென்று தலையாட்டிவிட்டு அடுத்த எழுத்துக்குப் போவாள். ஃ வந்ததும் பாட்டு முடிந்துவிட்டது. ‘சி’ கிடைக்கவே இல்லை.

அவளுக்குத் தெரிந்தது பாட்டு. எழுத்து இன்னும் தெரியவில்லை. இந்த வித்தியாசம் பெற்றோருக்குப் புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

ஓர் எழுத்து ஒரு பிள்ளைக்குத் ‘தெரியும்’ என்று எப்போது சொல்லலாம்? நடுவிலிருந்து எடுத்து நீட்டினாலும் வடிவத்தைப் பார்த்த உடனே ஒலி வாயில் வர வேண்டும். ஒலியைச் சொன்னால் வடிவம் மனத்தில் வர வேண்டும். அப்புறம் அந்த வடிவத்தை எங்கே தொடங்கி எப்படி இழுப்பது என்று கைக்கும் தெரிந்திருக்க வேண்டும். இந்தக் கண், காது, கை மூன்றும் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக்கொள்வதைத்தான் எழுத்தறிதல் என்கிறோம். வரிசையாகச் சொல்வது அதற்கு உதவும், ஆனால் அதற்கு ஈடாகாது. வீட்டிலேயே சோதித்துப் பார்க்க ஆசையா? எழுத்து அட்டைகளைச் சீட்டுக்கட்டு மாதிரி கலைத்துப் போட்டுக் காட்டுங்கள்.

தமிழில் 247 எழுத்து என்று கேட்டதுமே பல பெற்றோருக்குக் கை கால் ஓடுவதில்லை. ஆங்கிலத்துக்கு 26 போதும், இதற்கு 247ஆ என்று. ஆனால் பிள்ளையின் கண் சுமக்க வேண்டியது அவ்வளவு இல்லை. உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்று. மீதி 216 உயிர்மெய்யும் பெரும்பாலும் ஓர் உடலில் வேறு வேறு சட்டை மாட்டியதுதான். கால், கொம்பு, விசிறி, சுழி என்று கொஞ்சம் துணைக்குறிகள் பிடிபட்டால், ‘கா’ தெரிந்தவருக்கு ‘மா’வும் ‘வா’வும் தானாக வந்துவிடும்.

முரண்டு பிடிக்கும் இடங்கள் மூன்று நான்கு உண்டு. முதலாவது, கொம்பு. ‘கெ’யை எடுத்துக்கொள்ளுங்கள். காதில் முதலில் விழுவது ‘க்’, பிறகுதான் ‘எ’. தாளிலோ கொம்பு முன்னால் வந்து நிற்கிறது. இங்கே பாலர் பள்ளியில் ஆங்கில ஒலிகளை இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்துப் பழகிய பிள்ளை, கொம்பைப் பார்த்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் விழிக்கும். ‘கொ’ இன்னும் மோசம், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. இதைப் பகுதி பகுதியாகப் படிக்க வைக்காமல், முழு வடிவத்தையும் ஒரே படமாகக் காட்டுவதுதான் நல்லது.

இரண்டாவது, உகரம். மற்ற குறிகள் ஒழுங்காக இருக்க, உகரம் மட்டும் ஆளுக்கு ஒரு மாதிரி ஒட்டும். உற்றுப் பார்த்தால் மூன்று குடும்பம்தான். சு, பு, யு, வு போன்றவை கீழே ஒரு கோடு இறக்கிக்கொள்ளும். கு, டு, மு, ரு, ழு, ளு சுற்றி வளைத்துக்கொள்ளும். து, நு, ணு, லு, று, னு ஆகியவை வலப்பக்கம் மேலே ஏறிக் கொக்கி போடும். பதினெட்டையும் அகரவரிசையில் மனப்பாடம் செய்வதைவிட, குடும்பம் குடும்பமாகக் காட்டினால் ஒரு வாரத்தில் பிடித்துக்கொள்கிறார்கள். என் மூத்தவன் இவற்றுக்கு ‘வால் வீடு, வளையம் வீடு, கொக்கி வீடு’ என்று பெயரே வைத்துவிட்டான்.

மூன்றாவது, காலும் ‘ர’வும். அச்சில் பார்த்தால் இரண்டுக்கும் நூலிழைதான் வித்தியாசம், ‘ர’வுக்கு அடியில் ஒரு சாய்வுக் கோடு, அவ்வளவே. இதற்கு மருந்து, வேகம் குறைத்து எழுதுவது மட்டும்தான்.

அப்புறம் நம் ன, ண, ந. இதற்கு நம்மிடம் அருமையான கருவி ஒன்று காலங்காலமாக இருக்கிறது, நாம்தான் மறந்துவிட்டோம். ‘ரெண்டு சுழி ன, மூணு சுழி ண’ என்பது பாதி. மீதிப் பாதி அவற்றின் பழைய பெயரில் இருக்கிறது: டண்ணகரம், தந்நகரம், றன்னகரம். ‘ட’வுக்கு முன்னால் வருவது ண், ‘த’வுக்கு முன்னால் ந், ‘ற’வுக்கு முன்னால் ன். வண்டி, பந்து, கன்று. இந்தப் பெயர்களைச் சொல்லிக் கொடுத்தால் எழுத்தும் நிற்கும், சொல்வதெழுதுதலில் மதிப்பெண்ணும் நிற்கும்.

தமிழில் ஒரு வசதி, எழுத்தின் பெயரே அதன் ஒலி. ஆங்கிலத்தில் ‘டபிள்யூ’ என்று பெயரைச் சொன்னால் அதில் அந்த ஒலியே கிடையாது. ஆனால் நம்மிடமும் ஒரு வம்பு இருக்கிறது. ‘கல்’லில் வரும் க வேறு, ‘தங்கம்’ என்பதில் வரும் க வேறு, ‘மகன்’ என்பதில் வருவது இன்னொன்று. வீட்டில் தமிழ் புழங்கும் பிள்ளைக்கு இது கேள்வியாகவே எழாது, வாய் தானாகத் திருத்திக்கொள்ளும். வீட்டில் ஆங்கிலம் மட்டும் புழங்கினால் ‘தங்கம்’ என்பதைக் கல்லில் வரும் க போட்டே வாசிப்பார்கள். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்கு மேற்பட்ட சிங்கப்பூர்வாசிகளில் வீட்டில் அதிகம் பேசுவது தமிழ் என்றவர்கள் 2.5 விழுக்காடு, ஆங்கிலம் என்றவர்கள் 48.3 விழுக்காடு. ஆகவே வாசிப்புக்கு முன்னால் பேச்சு. எழுத்து அட்டை வாங்குவதற்கு முன், சாப்பாட்டு மேசையில் தமிழில் பேசுங்கள். செலவும் இல்லை.

சரி, எங்கே தொடங்குவது? ‘அ’விலிருந்து என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். ‘அ’ எழுதிப் பாருங்கள்: சுழி, வளைவு, மறுபடி வளைவு, குறுக்குக் கோடு, நேர்கோடு. நாலு வயதுக் கைக்கு அது சர்க்கஸ். அதனால் பல தொடக்கப் பாடங்கள் ட, ப, ம என்று வடிவத்தை வைத்துத் தொடங்குகின்றன. மேலிருந்து கீழே ஒரு கோடு, வலப்பக்கம் ஒரு கோடு, ‘ட’ வந்துவிட்டது. அதே கோட்டை மேலே ஏற்றினால் ‘ப’. ‘ப’வின் வலக்காலை உள்பக்கம் சுழித்தால் ‘ம’. இந்த மூன்றோடு புள்ளியையும் சேர்த்தால் படம், மடம், பட்டம், மட்டம் என்று நான்கு சொற்கள் கைக்குள் வந்துவிடும். முதல் வாரத்திலேயே ஒரு முழுச் சொல்லைத் தானாகப் படித்த பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அந்த ‘ம’வுக்குக் கீழே வால் முளைத்தால் ‘ழ’ என்பதை நீங்கள் சொல்லவே வேண்டாம், அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

இனி கை. எழுத்தை ஒரு படமாகப் பார்த்தால் பிள்ளை வரைகிறது. ஓர் அசைவாகப் பழகினால் எழுதுகிறது. முதலாவதில் ‘ம’வைச் சுழியிலிருந்து பின்னோக்கி வரைவார்கள், பார்க்கச் சரியாகத்தான் இருக்கும், ஆனால் வேகம் வராது. அசைவு பழக நம் ஊர்களில் பென்சிலே தேவைப்பட்டதில்லை. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுதினார்கள். ஸ்காட்லாந்துக்காரரான ஆண்ட்ரூ பெல் 1789இல் சென்னையில் ஆதரவற்ற சிறுவர்களுக்கான பள்ளிக்குப் பொறுப்பேற்றபோது, உள்ளூர்ப் பிள்ளைகள் இப்படி எழுதுவதைப் பார்த்துத் தம் பள்ளியிலும் கொண்டுவந்தார். 1797இல் லண்டனில் அதைப் பற்றி எழுதி வெளியிட, மூத்த பிள்ளைகள் இளையவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் அவருடைய ஏற்பாடு ‘மெட்ராஸ் முறை’ என்று இங்கிலாந்தில் பரவியது. இன்று கடைகளில் ‘உணர்திறன் தட்டு’ என்று பெரிய விலைக்கு விற்பது நம் பாட்டன் காலத்து மணல்தான். விஜயதசமிக்கு அரிசியில் விரல் பிடித்து எழுத வைக்கிறோமே, அதை ஒரு நாளோடு நிறுத்தாமல் தட்டில் ரவையைக் கொட்டி வாரம் முழுக்கச் செய்யலாம்.

விரல் முக்கியம் என்பதற்கு இப்போது சான்றும் இருக்கிறது. அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேரின் ஜேம்ஸும் அவருடைய சக ஆய்வாளரும் 2012இல் ஒரு சிறிய ஆய்வை வெளியிட்டார்கள். இன்னும் படிக்கத் தெரியாத பிள்ளைகள் சில எழுத்துகளைத் தாங்களாகக் கையால் எழுதினார்கள், சிலவற்றை விசைப்பலகையில் தட்டினார்கள், சிலவற்றுக்குக் கொடுத்த கோட்டின் மேலேயே வரைந்தார்கள். பிறகு ஸ்கேன் எடுத்துப் பார்த்தால், வாசிப்புக்கு நாம் பயன்படுத்தும் மூளைப் பகுதிகள் தாங்களாக எழுதிய எழுத்துகளைக் காணும்போதுதான் நன்றாக விழித்துக்கொண்டன. தட்டியதற்கு இல்லை, சரி. கோட்டின் மேல் வரைந்ததற்கும் இல்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. தானாக எழுதும்போது ஒவ்வொரு ‘ம’வும் ஒவ்வொரு விதமாகக் கோணிக்கொண்டு வருகிறது. அத்தனை கோணலையும் பார்த்துத்தான் ‘இதெல்லாமே ம’ என்று மூளை பிடித்துக்கொள்கிறது என்று விளக்கம் சொல்கிறார்கள். புள்ளிக்கோட்டுத் தாள்களைக் கட்டுக் கட்டாக அச்சடித்துக் கொடுத்த குற்றத்தை நானும் செய்திருக்கிறேன். இரண்டு முறை மேலே வரையட்டும், மூன்றாவது வெற்றிடத்தில் எழுதட்டும். கோணலாக வந்தால் வரட்டும்.

கண்ணாடியில் பார்த்த மாதிரி எழுத்தைத் திருப்பிப் போட்டு எழுதுவதைப் பார்த்துப் பதறுகிறவர்கள் பலர். பிள்ளை பிறந்ததிலிருந்து கற்றது, காப்பிக் குவளையின் காது எந்தப் பக்கம் இருந்தாலும் அது குவளைதான் என்பது. திசை மாறினால் பொருளே மாறும் என்ற விதி எழுத்தில்தான் முதன்முதலில் வருகிறது. ஆறேழு வயதுவரை இது சாதாரணம். அதற்கு மேலும் தொடர்ந்து, வாசிப்பும் தடுமாறினால் வகுப்பாசிரியரிடம் பேசுங்கள், பள்ளியிலேயே அடுத்த வழியைக் காட்டுவார்கள்.

ஆங்கிலத்தில் இந்தத் திசைக் குழப்பத்தின் ராஜாக்கள் சிறிய ‘பி’யும் (b) சிறிய ‘டி’யும் (d). வயிறு வலப்பக்கம் இருந்தால் ஒன்று, இடப்பக்கம் என்றால் மற்றது. (தமிழில் எழுதும்போது இன்னொரு சங்கடம், பந்துக்கு (ball) வருவதும் பேனாவுக்கு (pen) வருவதும் நமக்கு ‘பி’தான்.) இங்கேதான் கூட்டெழுத்து உதவிக்கு வருகிறது.

கூட்டெழுத்து என்றால் அழகாக, சாய்வாக எழுதுவது என்று பலர் நினைக்கிறார்கள். அழகு அதன் உபரி வருமானம். ஒரு சொல் முடியும்வரை பென்சிலைத் தூக்காமல், ஓர் எழுத்தின் முடிவையே அடுத்த எழுத்தின் தொடக்கமாக்குவதுதான் கூட்டெழுத்து. அந்தப் ‘பி’ கூட்டெழுத்தில் மேலே ஏறும் கண்ணியாக, அதாவது நீள வளையமாகத் தொடங்கும், ‘டி’ வட்டமாகத் தொடங்கும். கை ஆரம்பிக்கும் இடமே வேறாகிவிடுவதால் ஒன்றை மற்றதாக மாற்றிப்போடுவது கடினம். இன்னொரு பலன், சொல்லின் எழுத்துகள் கைகோத்து நிற்பதால் சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே இடம் விட வேண்டும் என்பது தானாகப் பழகும்.

எப்போது தொடங்குவது என்பதில் உலகமே ஒத்துப்போகவில்லை. பிரான்சில் ஆறு வயதிலேயே கூட்டெழுத்து. பின்லாந்து 2016இல் அதைக் கட்டாயப் பாடத்திலிருந்து எடுத்துவிட்டது. கலிஃபோர்னியா 2023இல் சட்டம் போட்டுத் திரும்பக் கொண்டுவந்தது. இங்கே பிள்ளைகள் பொதுவாகத் தனித்தனி அச்சு வடிவத்தில் தொடங்கி, தொடக்கநிலை வகுப்புகளில் கொஞ்சம் போன பிறகுதான் கூட்டெழுத்துக்கு வருகிறார்கள். எவ்வளவு அழுத்தம் கொடுப்பார்கள் என்பது பள்ளிக்குப் பள்ளி வேறுபடும். என் கணக்கு எளிது: தனி எழுத்துகளை யோசிக்காமல் எழுதுகிற கைக்குத்தான் சேர்த்து எழுதக் கொடுக்க வேண்டும். அதற்கு முன் கொடுத்தால் இரண்டும் கெடும்.

பழக்கும் முறைக்கு வருவோம். எழுத்துக்குப் போகும் முன் ஒரு வாரம் அலைகளும் கண்ணிகளும் மட்டும். இதற்குப் பயிற்சி நூல் எதற்கு, சிக்குக் கோலம் இருக்கிறதே! புள்ளிகளைச் சுற்றிக் கை எடுக்காமல் இழுத்துக்கொண்டே போவதற்கு அதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது. என் மாமியார் பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கம் மூன்று புள்ளிக் கோலம் போட்டுக் கொடுப்பார், பிள்ளைகள் அதன்மேல் கலர் பேனாவால் ஓட்டுவார்கள், பிறகு தாங்களாகப் போடுவார்கள்.

அதன்பிறகு, அகரவரிசையை மறந்துவிட்டு, ஒரே மாதிரி தொடங்கும் எழுத்துகளாகச் சேருங்கள். வட்டத்தில் தொடங்கும் சி, ஏ, டி, ஜி, ஓ ஒரு கூட்டம். கண்ணியில் ஏறும் இ, எல், எச், கே இன்னொரு கூட்டம். பெரும்பாலான எழுத்துகள் கீழ்க்கோட்டில் முடிந்து அங்கிருந்து அடுத்ததற்கு ஏறும். ஓ, வி, டபிள்யூ, பந்துக்கு வரும் பி ஆகிய நான்கும் மேலேயே முடிந்து, பாலம் போட்டுக் கடக்கும். பிள்ளைகள் தடுக்கி விழுவது இந்தப் பாலத்தில்தான், ஆகவே நேரத்தை இங்கே செலவிடுங்கள். பெரிய எழுத்துகளை அவசரமாகச் சேர்க்க வேண்டியதே இல்லை. தனியாக நின்றாலும் ஒன்றும் குறைந்துபோகாது.

கூட்டெழுத்தை எழுதுவது ஒன்று, வாசிப்பது ஒன்று. அதில் சிறிய ஆர், எஸ் இரண்டும் அச்சு முகத்தையே இழந்துவிடும். அடையாளம் காண்பதை மறுபடி முதலிலிருந்து கற்கிறார்கள் என்று நினைத்துப் பொறுமையாக இருங்கள். நமக்கும் இது நடப்பதுதான். தஞ்சாவூரிலிருந்து என் பெரியம்மா எழுதிய பழைய கடிதங்களில் ‘லை’யும் ‘னை’யும் யானைத் தும்பிக்கை மாதிரி மேலே சுருண்ட கொம்போடு இருக்கும். பெரியார் வலியுறுத்திய சீர்திருத்த வடிவங்களைத் தமிழ்நாட்டு அரசு 1978இல் ஏற்ற பிறகு அவை போய்விட்டன. இங்கே பள்ளியிலும் புதிய வடிவம்தான். நன்றாகத் தமிழ் படிக்கிற என் மகன் அந்தக் கடிதத்தை வாங்கி, “அம்மா, இது மலையாளமா?” என்று கேட்டான்.

ஒரு எச்சரிக்கை. ஆங்கிலத்தில் கூட்டெழுத்து சூடு பிடித்ததும் பிள்ளைகள் தமிழையும் சாய்த்துக் கோத்து எழுதத் தொடங்குவார்கள். தமிழ் எழுத்துகள் தனித்தனியாகத்தான் நிற்கும். ‘மண்’ணில் மூன்று சுழியும் தெரிய இடம் வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் பழக்காமல் இருந்தாலே இது குறையும்.

இடக்கைப் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. “பீச்சாங்கையில எழுதாதே” என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னால் மரியாதையாகக் கேட்டுவிட்டு, பென்சிலை அதே கையில் விட்டுவிடுங்கள். தாளை மட்டும் வலப்பக்கமாகக் கொஞ்சம் சாய்த்து வையுங்கள், எழுதியதைக் கை மறைக்காது. வலக்கைப் பிள்ளைக்கு இடப்பக்கச் சாய்வு. எந்தக் கையானாலும் பத்து நிமிடம் போதும். கட்டைவிரல் வெளுக்கும் அளவுக்குப் பென்சிலை இறுக்கினால் அன்றைக்கு அத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

எதை எழுத வைப்பது? ஒரே எழுத்தைப் பக்கம் பக்கமாக எழுத வைத்தால் பத்தாவது வரியில் எழுத்து படுத்துவிடும், பிள்ளையும் படுத்துவிடும். வாசிக்க, தமிழ் முரசு நாளிதழின் ஒரு பக்கத்தையும் ஒரு வண்ணப் பேனாவையும் கொடுத்து ‘ழ’வை எல்லாம் வேட்டையாடச் சொல்லலாம். எழுத, யாராவது உண்மையிலேயே படிக்கப்போகிற எதையாவது கொடுங்கள்: குளிர்பதனப் பெட்டியில் ஒட்டும் சீட்டு, தாத்தாவுக்குப் பிறந்தநாள் அட்டை. எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தைக்குப் போகும் பட்டியல் சின்னவளுடையது. நாணயத்தில் ‘சி’யைத் தேடி அலைந்த அதே ஆள்தான், இப்போது தொடக்கநிலை 1. போன வாரம் பட்டியலில் ‘தக்காளி’ என்பதில் காலுக்குப் பதில் ‘ர’ போட்டு, ‘தக்கரளி’ என்று பெரிதாக எழுதியிருந்தாள். நான் திருத்த வாயெடுப்பதற்குள் தாளைக் கடைக்காரரிடம் நீட்டிவிட்டாள். அவர் மூக்குக்கண்ணாடியை இறக்கி, “தக்கரளியா? எத்தனை கிலோம்மா?” என்று கேட்டார்.